பொருளாதாரம் படித்த பிள்ளை யார் பக்கம்?



கல்லூரிகள் கதவு திறக்கும் காலம் வந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கேள்வி ஊர் ஊராகச் சுற்றி வரும். கூடலூரில் கேட்கும், சின்னமனூரில் கேட்கும், போடியில் கேட்கும், தேனிச் சந்தையிலும் கேட்கும். "பிள்ளையை எதில் சேர்க்கலாம்?" கணினி என்பார் ஒருவர். வணிகவியல் என்பார் இன்னொருவர். நர்சிங் என்பார் மற்றொருவர். பொருளாதாரம் என்று யாரேனும் வாய் திறந்தால் போதும், டீக்கடைப் பெஞ்சு முழுவதும் சிரிக்கும். "நம்ம வீட்டுப் பொருளாதாரமே நாறிக் கெடக்கு, இதுல இவன் பொருளாதாரம் படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறான்?"

சிரிப்போடு போனால் பாதகமில்லை. பெரியவர் ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொல்வார். "அதைப் படிச்சவன் எதுக்கெடுத்தாலும் கணக்குப் பார்ப்பான்யா. அப்பன் ஆத்தாளுக்குச் செய்யறதுக்கும் லாப நட்டம் போடுவான். சங்கத்துக்குச் சந்தா கேட்டா, நான் குடுக்காட்டியும் போனஸ் வரத்தானே போகுதுன்னு சொல்லுவான்."

இந்த இரண்டாவது பேச்சைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறோம். காரணம் உண்டு. வயலிலும் தோட்டத்திலும் வேர்வை சிந்திய பணத்தைக் கொண்டு பிள்ளையைப் படிக்க வைக்கிறோம். அந்தப் படிப்பு அவனை நம்மிடமிருந்தே பிரித்துவிடும் என்றால், அது சிறிய செய்தியா? பொருளாதாரப் படிப்பு மாணவன் முடிவெடுக்கும் முறையை மாற்றுகிறதா, மாற்றுகிறது என்றால் எந்தப் பக்கமாக மாற்றுகிறது? அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். முதலில் அந்தக் கதையைக் கேளுங்கள்.

1981-ஆம் ஆண்டு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சமூகவியலாளர்கள் ஜெரால்ட் மார்வெல், ரூத் ஏம்ஸ் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆளுக்குக் கொஞ்சம் வில்லைகள் கொடுத்தார்கள். அவற்றை உன் சொந்தக் கணக்கில் போட்டுக்கொள்ளலாம். போட்டதற்குரிய பணம் உனக்கு வரும். பொதுக்கணக்கிலும் போடலாம், எல்லாரும் போட்டால் எல்லாருக்குமே கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் போடாதவனுக்கும் அதில் பங்கு உண்டு. நம் சங்கச் சந்தாவேதான், வேறென்ன! மற்ற மாணவர்கள் ஏறத்தாழப் பாதியை, 49 சதவீதத்தை, பொதுக்கணக்கில் போட்டார்கள். பொருளாதார மேற்படிப்பு மாணவர்கள் போட்டது 20 சதவீதம்! வேடிக்கை அதோடு முடியவில்லை. "எவ்வளவு போடுவது நியாயம்?" என்று கேட்டபோது அந்தப் பொருளாதார மாணவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் பதில் சொல்ல மறுத்தார்கள், அல்லது யாருக்கும் புரியாத பதிலைச் சொன்னார்கள். நியாயம் என்ற சொல்லே அவர்களுக்குப் பாடத்திட்டத்தில் இல்லாத சொல்லாகிவிட்டது போலும்.

1993-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஃபிராங்க், தாமஸ் கிலோவிச், டென்னிஸ் ரீகன் மூவரும் இன்னொரு கட்டுரை வெளியிட்டார்கள். இரண்டு மாணவர்கள். இருவரும் ஒற்றுமையாக இருந்தால் ஆளுக்கு இரண்டு டாலர். ஒருவன் காலை வாரிவிட்டால் வாரியவனுக்கு மூன்று, ஏமாந்தவனுக்கு ஒன்றுமில்லை. இருவருமே வாரினால் ஆளுக்கு ஒன்று. பொருளாதார மாணவர்களில் 60 சதவீதம் பேர் காலை வாரினார்கள். மற்றவர்களில் 39 சதவீதம் பேர்.

"பார்த்தீர்களா, டீக்கடைப் பெரியவர் சொன்னது சரிதான்!" என்று எழுந்து போய்விடாதீர்கள். வழக்கின் மறுபக்கத்தையும் கேட்க வேண்டும் அல்லவா?

1996-இல் வேறு சில பேராசிரியர்கள் வாஷிங்டன் நகரில் ஒரு காரியம் செய்தார்கள். விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டி, உள்ளே பத்து டாலர் வைத்த உறைகளை வகுப்பறைகளில் தவறவிட்டது போலப் போட்டுவைத்தார்கள். எந்த வகுப்பு திருப்பி அனுப்புகிறது என்று பார்த்தார்கள். பொருளாதார வகுப்பறைகளில் கிடந்த உறைகளில் 56 சதவீதம் பணத்தோடு திரும்பி வந்தன. மற்ற வகுப்பறைகளிலிருந்து வந்தவை 31 சதவீதம்தான். விளையாட்டில் காலை வாரினாலும், கீழே கிடந்த பிறர் பணத்தை அவர்கள் அமுக்கிக்கொள்ளவில்லை. ஸ்விட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழகத்தில் இன்னொரு வகையில் பார்த்தார்கள். அங்கே ஏழை மாணவர்களுக்கும் அயல்நாட்டு மாணவர்களுக்கும் உதவும் நிதிகளுக்கு விரும்பியவர்கள் பணம் கொடுக்கலாம். பாடம் படிக்கப் படிக்கக் கொடுக்கும் கை சுருங்குகிறதா என்று பல பருவங்களின் கணக்கைப் புரட்டியபோது, படிப்பு கையைச் சுருக்கியதாகத் தெரியவில்லை. சுருங்கிய கையோடு வந்தவன் சுருங்கிய கையோடே இருந்தான், அவ்வளவுதான்.

ஆக, ஆய்வுகள் இரண்டு பக்கமும் சாட்சி சொல்கின்றன. ஆனால் கார்னெல் கட்டுரையிலேயே ஒரு மூலையில் இருக்கும் செய்தி ஒன்று நமக்கு மிக முக்கியமானது. பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மாணவர்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். வழியில் பணம் கண்டெடுத்தால் திருப்பிக் கொடுப்பாயா? கடைக்காரர் பத்துப் பெட்டி அனுப்பிவிட்டு ஒன்பதுக்கு மட்டும் பில் போட்டால் நீயாகச் சொல்வாயா? இரண்டு பொருளாதார வகுப்புகளில் கேட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வானியல் வகுப்பிலும் கேட்டார்கள். முதல் பொருளாதார வகுப்பின் ஆசிரியர் தன்னலப் போட்டியைக் கணிதமாக ஆராய்பவர். அங்கே மாணவர்களின் நேர்மைப் பதில்கள் பருவ முடிவில் நன்றாகவே சரிந்திருந்தன. இரண்டாம் வகுப்பின் ஆசிரியர் மாவோ காலத்துச் சீனத்தின் வளர்ச்சியை ஆராய்பவர். அங்கே அந்தச் சரிவு அவ்வளவு இல்லை.

பாடம் ஒன்று, கல்லூரி ஒன்று, ஆண்டு ஒன்று! மாறியது என்ன? ஆசிரியர் எந்த மனிதனை மேசைமேல் வைத்துப் பாடம் நடத்தினார் என்பது மாறியது. தனியாக உட்கார்ந்து தன் பையை மட்டும் எண்ணுகிற மனிதனை வைத்து நடத்தினால் மாணவன் அப்படி எண்ணப் பழகுகிறான். ஊரும் உழவும் பசியும் பஞ்சமும் உள்ள மனிதனை வைத்து நடத்தினால் வேறு விதமாக எண்ணப் பழகுகிறான்.

இன்னொன்றையும் சங்கத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். காலை வாரும் விளையாட்டில், இருவரையும் முன்கூட்டிப் பேசவிட்டு, வாக்குக் கொடுத்துக்கொள்ள நேரமும் கொடுத்தபோது, காலை வாருதல் வெகுவாகக் குறைந்தது. பொருளாதார மாணவர்களிடமும் குறைந்தது! கூடிப் பேசியவன் காட்டிக்கொடுக்கத் தயங்குகிறான். இதைக் கண்டுபிடிக்க அமெரிக்காவில் ஆராய்ச்சி தேவைப்பட்டது; நம் ஆலை வாசல் கூட்டங்களுக்கு இது பழைய செய்தி.

சரி, நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். இங்கே பொருளாதாரத்துக்குப் பாடப்புத்தகம் எதற்கு? கண்ணைத் திறந்தால் பாடம்.

ஏலக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டம் இடுக்கி மலையில். தோட்டக்காரர் பலர் போடியிலும் கம்பத்திலும் தேனியிலும். ஏலம் போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது, செடிகள் அழிந்தன. அடுத்த ஆண்டு மழை பிந்தியது, காய் குறைந்தது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோவுக்கு 7,000 ரூபாய் என்று உச்ச விலை போனது. பள்ளத்தாக்கே மூக்கில் விரல் வைத்தது! கையில் காசு உள்ளவர், இல்லாதவர், நகையை அடகு வைத்தவர், எல்லாரும் ஏலச்செடி நட ஓடினார்கள். நட்ட செடி நன்றாகக் காய்க்க ஏறத்தாழ மூன்று ஆண்டு வேண்டும். எல்லாருடைய செடியும் ஒன்றாகக் காய்த்து இறங்கும்போது விலை என்ன ஆகும்? 2022-இல் சராசரி ஏல விலை ஆயிரம் ரூபாய்க்குக் கீழே கிடந்தது. இடையில் கொரோனா முடக்கமும் சேர்ந்துகொண்டது என்பது உண்மைதான். ஆனால் கொரோனா இல்லாவிட்டாலும் விலை இறங்கித்தான் இருக்கும். உரத்துக்கும் மருந்துக்கும் கட்டாது என்று செடியைக் கவனிக்காமல் விட்டவர்கள் உண்டு. பிறகு 2024 கோடையில் வறட்சி வந்து செடிகள் கருகின. விலை மறுபடி ஏறியது.

இந்த ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பொருளாதாரத்தில் ஒரு பெயர் இருக்கிறது. சிலந்திவலைக் கோட்பாடு என்பார்கள். 1934-இல் நிக்கோலஸ் கால்டார் வைத்த பெயர். 1956-இல் இந்திய சர்க்காருக்கு வரி பற்றி யோசனை சொல்ல வந்து போனாரே, அதே கால்டார்தான். இன்றைய விலையைப் பார்த்து இன்று நடுகிறான். விளைச்சலோ நாளைய சந்தைக்குப் போகிறது. எல்லாரும் அப்படியே செய்வதால் விலை கோட்டைத் தாண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டே இருக்கிறது. படம் போட்டுப் பார்த்தால் சிலந்தி வலை போல இருக்கும். அதில் மாட்டும் ஈ யார் என்று கேட்க வேண்டாம்.

இந்த ஒரே ஒரு பாடத்தை ஒழுங்காகப் படித்த மாணவி வீட்டில் என்ன செய்வாள்? விலை உச்சத்தில் இருக்கும்போது நகையை அடகு வைக்கப் புறப்படும் அப்பாவிடம், "இன்றைக்குப் போகும் விலை நமக்கு இல்லை அப்பா, மூன்று வருஷம் கழித்துப் போகும் விலைதான் நமக்கு. அன்றைக்கு எத்தனை பேர் காயோடு நிற்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்" என்பாள். தக்காளிக்கும் இதே பாடம். முருங்கைக்கும் இதே பாடம். அவர் கேட்பாரா என்பது வேறு விஷயம். மகள் சொல்லி அப்பா கேட்ட வீடுகள் எத்தனை! ஆனாலும் சொல்வதற்கு வீட்டில் ஓர் ஆள் இருக்கிறதே, அது பெரிது.

ஆழ்துளைக் கிணற்றுக் கதையும் அப்படியே. ஆண்டிப்பட்டிப் பக்கம் போய்ப் பாருங்கள். முதல் குழி போட்டார், புகை வந்தது, தண்ணீர் வரவில்லை. "இவ்வளவு பணத்தைப் போட்டுவிட்டு எப்படி விடுவது?" என்று இரண்டாவது குழி, கடன் வாங்கி மூன்றாவது குழி. முதல் குழியில் போட்ட பணம் போனது போனதுதான். அடுத்த குழியில் தண்ணீர் கிடைக்குமா என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டும். பொருளாதாரம் படித்தவனுக்கு முதலாண்டிலேயே கற்றுக்கொடுக்கும் பாடம் இது. இது தன்னலமா, தோழர்களே? ஒரு குடும்பத்தைக் கந்துவட்டிக்காரன் வாசலிலிருந்து திருப்பிக் கொண்டுவருகிற அறிவு இது!

படிப்பைப் புகழ்வதற்காகப் பட்டதாரிகளைத் தலையில் தூக்கி வைக்கவும் நாம் தயாரில்லை. வாய்ப்புச் செலவு என்று ஒன்று சொல்வார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிட்ட மற்றொன்றின் மதிப்பு அது, பொருளாதாரத்தின் அரிச்சுவடி. அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் கூடும் மாநாட்டில் ஏறத்தாழ 200 பேரிடம் இதைப் பற்றி ஓர் எளிய கேள்வி கேட்டார்கள். நான்கு விடைகள் கொடுத்து, சரியானதைத் தொடச் சொன்னார்கள். சரியாகத் தொட்டவர்கள் 21.6 சதவீதம்! கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருந்தாலே நாலில் ஒரு பங்கு தேறியிருக்கும். 2005-இல் அச்சில் வந்த செய்தி இது. ரேஷன் கடை வரிசையில் அரைநாள் நிற்கும் ஏலத்தோட்டத் தொழிலாளியைக் கேளுங்கள். வாங்கிய பொருளின் உண்மையான விலையோடு இழந்த கூலியையும் சேர்த்து ஒரு நொடியில் சொல்லிவிடுவார். அந்தக் கணக்கு அவருக்குத் தெரியும். அதை ஏட்டில் எழுதி, ஆயிரம் பேர் கணக்கோடு சேர்த்து, சர்க்கார் மேசைமேல் வைக்கும் வழிதான் தெரியாது. பொருளாதாரம் படித்த பிள்ளையின் வேலை அங்கேதான் ஆரம்பமாகிறது.

தண்ணீரையும் பாருங்கள். 1895-இல் பெரியாறு அணை கட்டி முடிந்து, மலையைக் குடைந்து தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியது. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் அதை நம்பி இருபோகம் விளைகிறது. தலைமடைக்காரன் தன் பையை மட்டும் எண்ணினால் கடைமடை காய்ந்து போகும். காயாமல் இருப்பது எப்படி? முறை வைத்துப் பாய்ச்சுவதால், பேசித் தீர்ப்பதால், முறை தவறியவனை ஊர் கேள்வி கேட்பதால். எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அம்மையார் உலகமெங்கும் இத்தகைய பாசன முறைகளை ஆராய்ந்தார். பொதுச்சொத்தை மக்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று காட்டினார். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வந்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். ஆகவே, தனியாக உட்கார்ந்து பை எண்ணும் மனிதன்தான் பொருளாதாரம் என்று எந்த ஆசிரியரேனும் சொன்னால், மாணவர்கள் எழுந்து நின்று வாய்க்கால் கரையைக் காட்டலாம்.

எந்த மனிதனை வைத்துப் பாடம் நடத்துவது என்ற இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார் கில்பர்ட் ஸ்லேட்டர். அதற்கு முன்பு அவர் எங்கே இருந்தார் தெரியுமா? ஆக்ஸ்ஃபோர்டில், தொழிலாளிகளுக்கென்றே நடந்த ரஸ்கின் கல்லூரியில் முதல்வராக! இங்கே வந்தவர் மாணவர்களைப் பார்த்து, இங்கிலாந்துப் புத்தகத்தை உருப்போடச் சொல்லவில்லை. கேள்வித்தாள் ஒன்று தயாரித்து, "உன் சொந்த ஊருக்குப் போ. யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி, என்ன கடன், என்ன வட்டி, எழுதிக்கொண்டு வா" என்றார். மாணவர்கள் போனார்கள். இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் வடமலாபுரம், நெல்லைச் சீமையின் கங்கைகொண்டான், தஞ்சைப் பக்கத்துப் பாலக்குறிச்சி என்று ஊர் ஊராக எழுதி வந்தார்கள். 1918-இல் அது நூலாக வந்தது. இருபது ஆண்டு கழித்துப் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆள் அனுப்பி எழுதவைத்து, 1940-இல் இன்னொரு நூல் கொண்டுவந்தார்கள். அதன் பிறகும் அந்த ஊர்களைத் தேடிப் போனவர்கள் உண்டு. சொந்த ஊரின் கடனைத் தன் கையால் எழுதிக் கூட்டிய மாணவனுக்கு, நியாயம் எவ்வளவு என்று கேட்டால் பதில் வராமல் போகுமா?

படிப்பு எந்தப் பக்கம் போகும் என்பதற்கு இன்னொரு சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செலிக்மன் என்ற பேராசிரியர் இருந்தார். அவரிடம் பொது நிதி படித்த இந்தியர் ஒருவர் அம்பேத்கர். இன்னொருவர் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா. இந்தியாவின் சிறு நிலங்களைப் பற்றி 1918-இல் எழுதிய அம்பேத்கர், துண்டு நிலங்களை ஒட்டுவதால் மட்டும் வறுமை போகாது, நிலத்தில் வேலையின்றித் தேங்கிக் கிடக்கும் ஆட்களுக்குத் தொழில் வேண்டும் என்றார். பின்னாளில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தபோது ஆலைத் தொழிலாளியின் வேலை நேரத்தை வாரம் 48 மணியாகக் குறைக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1946-இல் அது நிறைவேறியது. குமரப்பா பம்பாயில் பெரிய கணக்காயர். வெள்ளையன் வரிப்பணம் எங்கே போகிறது என்று செலிக்மனிடம் ஆராய்ந்த பிறகு, கோட்டைக் கழற்றிவிட்டுக் கதர் கட்டினார். குஜராத் மாணவர்களை அழைத்துக்கொண்டு மாதர் தாலுகா கிராமங்களில் குடியானவன் கணக்கை எழுதினார். கடைசி ஆண்டுகளை ஆண்டிப்பட்டிக் கணவாய்க்குக் கிழக்கே, தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்தார். ஒருவர் ஆலை வேண்டும் என்றார், மற்றவர் கைத்தொழில் வேண்டும் என்றார். முடிவில் இருவரும் எதிரெதிர். ஆனால் இருவர் கணக்கிலும் முதல் வரி ஏழையின் வரி.

அந்த வேலையை இந்தப் பள்ளத்தாக்கில் செய்ய ஆளில்லையா? உத்தமபாளையத்தில் 1956-இலிருந்து கல்லூரி இருக்கிறது. போடியில் ஏலக்காய் விவசாயிகள் சங்கமே கல்லூரி நடத்துகிறது. தேனியிலும் கம்பத்திலும் பெண்களுக்குக் கல்லூரிகள் இருக்கின்றன. இங்கே படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருடைய தாய்மார் விடியுமுன் எழுந்து தூக்குச்சட்டியோடு ஜீப் ஏறி, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள்! ஏலக்காய் 7,000 ரூபாய்க்குப் போன நாளில் அவர்கள் கூலி ஏழு மடங்கு ஆகவில்லை. விலை ஏறும்போது யாருக்கு ஏறுகிறது, இறங்கும்போது யார் தலையில் இறங்குகிறது என்பதைக் கணக்கோடு எழுதிக் காட்ட, அந்தத் தாய்மாரின் பிள்ளைகளைவிடத் தகுந்த மாணவர் யார்?

கல்லூரி ஆசிரியர்கள் மனம் வைத்தால் வரும் பருவத்திலேயே தொடங்கலாம். சங்கத் தோழர்கள் ஜீப் நிற்கும் இடங்களில் அறிமுகம் செய்துவைக்கட்டும். மாணவர்கள் ஆளுக்குப் பத்து வீடு எடுத்துக்கொள்ளட்டும். எழுதியதைத் தமிழிலேயே எழுதி, சங்க அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். கேள்வித்தாளுக்கு அதிகம் அலைய வேண்டியதில்லை. முதல் மூன்று கேள்விகளை நாமே தருகிறோம்: காலையில் எத்தனை மணிக்கு ஜீப் ஏறுகிறீர்கள்? மாலையில் எத்தனை மணிக்கு வீட்டு வாசலில் இறங்குகிறீர்கள்? இடையில் ரோட்டில் போகும் நேரத்துக்கு யார் கூலி தருகிறார்?